அமெரிக்கன் ஃபுட்பாலும் தலையில் படும் அடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களைப் பல வருஷமாகத் தொடர்ந்து பார்க்கிறவன் நான். ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒருவர் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போவார், உடனே நண்பர்களும் சொந்தக்காரர்களும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கன்கஷன் என்றால் மண்டை உடைவதா?

இல்லை. கன்கஷன் என்பது தலை அதிர்வதால் உள்ளே மூளைக்கு ஏற்படும் பாதிப்பு. மண்டையோடு உடையாமல், ஒரு சொட்டு ரத்தம் வராமல், வெளியே ஒரு வீக்கம்கூட இல்லாமல் கன்கஷன் ஆகலாம். மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலை வேகமாக ஆடி சட்டென்று நின்றால், அல்லது பக்கவாட்டில் வெடுக்கென்று திரும்பினால், மூளையும் உள்ளே ஆடித் திருகிக்கொள்ளும். அப்போது நரம்பு செல்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன, செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க வேண்டிய உப்புகளின் கணக்கு கலைந்துபோகிறது, அதைச் சரிசெய்ய மூளை தன் சக்தியை எல்லாம் செலவழிக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, நடந்தது மறந்துபோவது எல்லாம் இதனால் வருபவை. நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை.

நாம் கண்ணில் பூச்சி பறந்தது என்போமே, அதை அந்த ஆட்டத்துக்காரர்கள் ரொம்ப காலமாக "மணி அடித்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, இது எத்தனை விரல் என்று கேட்டு, பதில் ஓரளவு சரியாக இருந்தால் திரும்ப ஆட அனுப்பிவிடுவார்கள். பல பத்தாண்டுகள் இப்படியே நடந்தது.

அவ்வளவு பெரிய ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே?

ஹெல்மெட் மண்டையோடு பிளக்காமல் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை, பழைய காலத்தில் அப்படிச் செத்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளே மூளை ஆடுவதை வெளியே மாட்டுகிற எந்தப் பொருளாலும் முழுக்க நிறுத்த முடியாது. ஓடுகிற பஸ் சடன் பிரேக் போட்டால் உள்ளே நிற்கிற நாம் முன்னால் போய் விழுகிறோம், பஸ்ஸின் தகரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது மாறாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கெட்டியான ஹெல்மெட் வந்த பிறகு ஆட்டக்காரர்கள் தலையையே முட்டித் தள்ளும் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் போய் முட்டுவதைத் தண்டனைக்குரிய தவறாக என்.எஃப்.எல். விரிவாக்கியது 2018இல்தான்.

ஒருமுறை பட்டால் சரியாகிவிடும்தானே? திரும்பத் திரும்பப் படுவதுதான் ஆபத்தா?

ஒருமுறை பட்டு, ஒழுங்காக ஓய்வெடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ குணமாகிவிடும். முதல் அடியிலிருந்து மூளை மீளும் முன்னால் இரண்டாவது அடி விழுவதுதான் பயங்கரம். இளம் வயதில் அப்படி நடந்தால் மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம். இது அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் 2006இல் தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மறுபடி ஆட இறங்கினான். மைதானத்திலேயே சுருண்டு விழுந்து, அறுவை சிகிச்சை, நீண்ட கோமா, பல வருஷம் பேசவும் நடக்கவும் கற்றுக்கொள்வது என்று அவன் வாழ்க்கையே மாறிப்போனது. அவன் பெயரிலேயே 2009இல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: கன்கஷன் சந்தேகம் இருந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப அனுப்பலாம். 2014க்குள் 50 மாநிலங்களிலும் இந்த மாதிரிச் சட்டம் வந்துவிட்டது.

சி.டி.இ. என்கிறார்களே, அது வேறா?

வேறு. கன்கஷன் என்பது ஒரு நாளில் நடக்கும் சம்பவம். சி.டி.இ. என்பது வருஷக்கணக்கில் தலையில் அடி வாங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு நோய். டௌ என்ற புரதம் தன் வடிவம் கெட்டு, மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றித் திட்டுத் திட்டாகப் படிந்து பரவுகிறது. ஆட்டத்தை விட்டு 10, 20 வருஷம் கழித்துக்கூட அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கலாம்: மறதி, மனச்சோர்வு, காரணமில்லாத கோபம், கடைசியில் டிமென்ஷியா.

குத்துச்சண்டைக்காரர்களிடம் இந்த மாதிரி நிலையை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவைத்தார். ஃபுட்பாலில் அதை உலகம் பார்த்தது மைக் வெப்ஸ்டர் இறந்த பிறகுதான்.

மைக் வெப்ஸ்டர் யார்?

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். 17 சீசன் ஆடியவர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர், தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர். அந்த ஊரில் அவரைக் கிட்டத்தட்டக் குலதெய்வம் மாதிரிக் கொண்டாடினார்கள். சென்டரின் வேலை என்னவென்றால், பந்தைக் கால் வழியாகப் பின்னால் கொடுத்த அடுத்த நொடியே எதிரில் நிற்கும் 120, 130 கிலோ ஆளோடு தலையும் தோளுமாக மோதுவது. ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஆட்டத்திலும்.

ஓய்வுக்குப் பிறகு அந்த மனிதர் தன் பிக்கப் வண்டிக்குள் படுத்துத் தூங்கினார், ரயில் நிலையத்தில் படுத்தார், விழுந்த பற்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார், கையில் இருந்த பணம் எங்கே போனது என்றே தெரியாமல் போனது. 2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை பென்னட் ஒமாலு என்ற நைஜீரியாவில் பிறந்த இளம் மருத்துவரிடம் வந்தது. மூளையைப் பார்த்தால் வெளிப்பார்வைக்கு எந்தக் கோளாறும் இல்லை. இப்படி வாழ்ந்து செத்தவரின் மூளை இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியாதே என்று அவருக்கு உறுத்தியது, மெல்லிய துண்டுகளாக வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தார். டௌ படிவுகள் தெரிந்தன. 2005 ஜூலையில் நியூரோசர்ஜரி என்ற மருத்துவ இதழில் அது கட்டுரையாக வந்தது.

லீக் உடனே நடவடிக்கை எடுத்ததா?

எடுத்தது, அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1994இல் என்.எஃப்.எல். கன்கஷன் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் எலியட் பெல்மன் ஒரு மூட்டுவாத மருத்துவர். மூளை நிபுணர் இல்லை. அந்தக் குழு பல கட்டுரைகளை வெளியிட்டது. கன்கஷன் ஆனவர் அதே ஆட்டத்தில் திரும்ப ஆடினால் குறிப்பிடும்படியான ஆபத்து ஒன்றும் இல்லை என்கிற அளவுக்கு அவற்றில் எழுதினார்கள். ஒமாலுவின் கட்டுரை வந்ததும் அதே குழுவினர் இதழுக்குக் கடிதம் எழுதி அதை நீக்கக் கேட்டார்கள். இதழ் மறுத்துவிட்டது.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று. வெப்ஸ்டர் உயிரோடு இருந்தபோதே, 1999இல், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்கான அந்த லீக்கின் ஓய்வூதிய வாரியம், ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால் இவர் நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டார் என்று ஏற்று உதவித்தொகை கொடுத்திருக்கிறது. ஒரு மேஜையில் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பக்கத்து மேஜையில் இல்லவே இல்லை என்று பத்து வருஷம் சாதித்தார்கள்.

2009 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு லீக்கின் கமிஷனர் ரோஜர் குடெல்லைக் கூப்பிட்டு விசாரித்தது. சிகரெட் கம்பெனிகள் புற்றுநோய் விஷயத்தில் மழுப்பியதைப் போல நீங்களும் மழுப்புகிறீர்கள் என்று லிண்டா சான்செஸ் என்ற உறுப்பினர் முகத்துக்கு நேரே சொன்னார். அதே வருஷம் டிசம்பரில், கன்கஷனால் நீண்டகாலப் பாதிப்பு வரலாம் என்று லீக்கின் செய்தித் தொடர்பாளர் ஒப்புக்கொண்டார். ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதற்கு 2016 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெப்ஸ்டர் செத்துப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதற்கு இடையில் போனவர்கள் பலர். சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடிய டேவ் டூயர்சன் 2011 பிப்ரவரியில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பழைய ஆட்டக்காரர்களின் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் வாரியத்தில் அவரே உறுப்பினராக இருந்தவர். மற்றவர்கள் மனுவில் படித்த அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தனக்கும் வருவதைப் பார்த்திருப்பார் இல்லையா? அடுத்த வருஷம் மே மாதம் ஜூனியர் சேயோவும் அப்படியே போனார். 20 சீசன் ஆடியவர், 43 வயது. இருவர் மூளையிலும் சி.டி.இ. இருந்தது.

111 பேரில் 110 பேருக்கு இருந்ததாமே? அப்படியென்றால் எல்லோருக்கும் வருமா?

அந்த எண் உண்மை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மக்கீ தலைமையிலான குழு 2017இல் வெளியிட்டது. 2023இல் அதே குழு சொன்ன கணக்கு: பரிசோதித்த 376 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களில் 345 பேருக்குச் சி.டி.இ. இருந்தது.

ஆனால் இதை வைத்து ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு வரும் என்று சொல்லக் கூடாது. அந்தக் குழுவே அப்படிச் சொல்லவில்லை. மூளையைத் தானமாகக் கொடுத்த குடும்பங்களில் பெரும்பாலானவை, அப்பாவிடமோ கணவரிடமோ ஏதோ சரியில்லை என்று பார்த்துத் தவித்த குடும்பங்கள். நன்றாக இருந்து 85 வயதில் தூக்கத்தில் போனவரின் வீட்டுக்காரர்கள் மூளை வங்கிக்குப் போன் செய்வது குறைவு. எனவே உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. பொதுமக்களிடமிருந்து வந்த 164 மூளைகளை இதே மாதிரி பரிசோதித்தபோது ஒன்றே ஒன்றில்தான் சி.டி.இ. இருந்தது, அந்த ஒருவரும் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர்.

எத்தனை கன்கஷன் ஆனால் ஆபத்து? மூன்றா, நான்கா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

டிவியில் "இது இவருக்கு மூன்றாவது கன்கஷன்" என்று எண்ணிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அந்த எண்தான் முக்கியம் என்று நாமும் நம்பிவிட்டோம். 2023இல் 631 ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் மூளையை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மருத்துவர் கண்டுபிடித்து எழுதிய கன்கஷன்களின் எண்ணிக்கைக்கும் சி.டி.இ. வருவதற்கும் அதில் சம்பந்தம் தெரியவில்லை. சம்பந்தம் தெரிந்தது வேறொன்றோடு. வாழ்நாள் முழுக்கத் தலை வாங்கிய அடிகளின் மொத்த விசை, அதாவது எத்தனை வருஷம், எந்த இடத்தில் நின்று, எத்தனை முறை, எவ்வளவு பலமாக. 2019இல் வந்த முந்தைய ஆய்வு ஒன்றும் இதே திசையைத்தான் காட்டியது: ஆடுகிற ஒவ்வொரு கூடுதல் வருஷத்துக்கும் சி.டி.இ. வருவதற்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம் ஏறுகிறது.

யோசித்துப் பாருங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கீழே விழுந்தால் இருபது கேமரா பார்க்கும். அவருக்கு முன்னால் நிற்கும் லைன்மேன் ஓர் ஆட்டத்தில் 60, 70 முறை எதிராளியோடு மோதுகிறார். எந்த மோதலிலும் அவர் தள்ளாடுவதில்லை, தலையைப் பிடித்துக்கொள்வதில்லை, ஆட்டத்தை விட்டு வெளியே போவதில்லை, அவர் பெயர் எந்தக் கன்கஷன் பட்டியலிலும் ஏறுவதில்லை. பள்ளியில் நான்கு வருஷம், கல்லூரியில் நான்கு வருஷம், அப்புறம் என்.எஃப்.எல்., நடுவில் பயிற்சி நாட்கள் என்று கூட்டினால் ஆயிரக்கணக்கில் போகும். வெப்ஸ்டர் இப்படி அடி வாங்கியவர்தான்.

சான் ஃப்ரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியில் கிறிஸ் போர்லண்ட் என்ற பையன் 2014இல் முதல் சீசனைப் பிரமாதமாக ஆடி முடித்தார். 2015 மார்ச்சில், 24 வயதில், போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை அவருக்குக் கண்டறியப்பட்டவை இரண்டே கன்கஷன்கள், இரண்டும் சின்ன வயதில், அதில் ஒன்று சாக்கர், அதாவது நம்மூர்க் கால்பந்து, ஆடும்போது பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் போயிருக்க வேண்டியதே இல்லை. அவர் எண்ணப்படாத அடிகளைப் பற்றி யோசித்தார். அந்த லீக்கில் யாரும் எடுத்ததிலேயே புத்திசாலித்தனமான முடிவு அதுதான் என்பது என் எண்ணம்.

டூவா விஷயத்தில் என்ன தப்பு நடந்தது?

டூவா டங்கோவைலோவா, அப்போது மயாமி டால்ஃபின்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். 2022 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, பஃபலோ பில்ஸ் அணியோடு ஆட்டம். தள்ளிவிட்டதில் தலையின் பின்பக்கம் தரையில் மோதியது. எழுந்தார், தலையை உதறினார், நாலடி வைத்ததும் கால் பின்னிக்கொண்டு விழப்போனார், கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஆனால் முதுகு வலியால்தான் தடுமாறினார் என்று சொல்லி, இரண்டாம் பாதியில் திரும்ப ஆட விட்டார்கள்.

நான்கே நாள் கழித்து வியாழக்கிழமை சின்சினாட்டியில் அடுத்த ஆட்டம். தூக்கிச் சுழற்றித் தரையில் போட்டார்கள். அவருடைய விரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்துக் கோணிக்கொண்டு நின்றன. மூளைத்தண்டு அதிர்ந்தால் கைகள் அப்படி விறைக்கும். அன்று இரவு நேரலையில் அதைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல்கள் மறக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பரிசோதித்த நரம்பியல் ஆலோசகரை ஆட்டக்காரர் சங்கம் தன் உரிமையைப் பயன்படுத்தி நீக்கியது. லீக்கும் சங்கமும் சேர்ந்து விசாரித்து, எழுதியிருந்த விதிமுறைப்படிதான் எல்லாம் நடந்தது, ஆனால் விளைவு அந்த விதிமுறை நினைத்த மாதிரி இல்லை என்று ஒப்புக்கொண்டன. அக்டோபரில் விதியை மாற்றினார்கள். இப்போது நடையிலோ நிற்பதிலோ பேச்சிலோ தடுமாற்றம் தெரிந்தால், காரணம் முதுகா காலா என்ற பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கு அவர் திரும்ப ஆட முடியாது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவருக்கு மறுபடி கன்கஷன். 2024 செப்டம்பரில் இன்னொன்று, அதுவும் பஃபலோவோடுதான். நான்கு ஆட்டம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்போது அடிபட்டால் என்ன செய்கிறார்கள்?

பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். மேலே ஓர் அறையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் ஆட்டத்தையே நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு 2015இலிருந்து உண்டு. இரண்டு அணிக்கும் எந்த அணியின் சம்பளமும் வாங்காத நரம்பியல் ஆலோசகர் ஓரத்தில் நிற்கிறார். நீலக் கூடாரம் ஒன்று இருக்கிறது, அதற்குள் கூட்டிப்போய்ப் பரிசோதிப்பார்கள். நினைவு தப்பினாலோ, குழம்பினாலோ, நடந்தது மறந்திருந்தாலோ, தடுமாறினாலோ அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. திரும்ப வர ஐந்து படிகள்: ஓய்வும் லேசான நடமாட்டமும், மூச்சு வாங்கும் உடற்பயிற்சி, ஆட்டத்துக்கான அசைவுகள், மோதல் இல்லாத அணிப் பயிற்சி, கடைசியில் முழுப் பயிற்சி. அதற்கு மேல் வெளியே உள்ள ஒரு நரம்பியல் மருத்துவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

கிரிக்கெட்டில் இருப்பது போல மாற்று ஆட்டக்காரர் விதி கொண்டுவந்தால் தீராதா?

கிரிக்கெட்டில் 2019இல் அந்த விதி வந்தது, லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்ட ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கியது நினைவிருக்கும். அங்கே அது தேவைப்பட்டது, ஏனென்றால் ஒருவர் வெளியே போனால் அணிக்கு ஆள் குறையும். ஃபுட்பாலிலோ எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். அப்படி இருந்தும் வெளியே வர மாட்டேன் என்கிறார்கள்.

ஆட்டக்காரர்களே ஏன் மறைக்கிறார்கள்?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுப் பணமும் உறுதி கிடையாது. அணி எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். சராசரியாக மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஒருவர் அந்த லீக்கில் தாக்குப்பிடிக்கிறார். நமக்குப் பின்னால் நம் இடத்துக்காக ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான், நாம் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அவன் உள்ளே போய்விடுவான் என்ற பயம். கூடவே, அணியைப் பாதியில் விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி. இன்னொன்றும் உண்டு, அடிபட்ட மூளையைத்தான் நீ நலமா என்று கேட்கிறோம். அது சொல்லும் பதிலை எப்படி நம்புவது?

கரோலைனா பாந்தர்ஸ் அணியின் லூக் கீக்லி 2016 நவம்பரில் அடிபட்டு வண்டியில் போகும்போது, அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதது எல்லா டிவியிலும் வந்தது. அவ்வளவு நடந்தும் இன்னும் மூன்று சீசன் ஆடிவிட்டு, 2020 ஜனவரியில்தான், 28 வயதில், ஓய்வு பெற்றார். ஆகவே வெளியே வருவதா வேண்டாமா என்ற முடிவை ஆட்டக்காரர் கையில் விடவே கூடாது என்பேன். பயிற்சியாளர் கையிலும் கூடாது.

இந்த மாற்றங்களால் பலன் இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. லீக்கின் சொந்தக் கணக்கில் 2017இல் 281 கன்கஷன்கள், 2024இல் 182. தூரத்திலிருந்து இரண்டு கூட்டமும் முழு வேகத்தில் ஓடி வந்து மோதும் கிக்ஆஃப்தான் மிக ஆபத்தான கட்டமாக இருந்தது, 2024இல் அதை அடியோடு மாற்றி இருதரப்பையும் பக்கத்தில் நிறுத்தி, பந்து தரையிலோ பிடிக்கிறவர் கையிலோ படும்வரை அசையக் கூடாது என்று வைத்தார்கள். ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டும் கார்டியன் கேப் என்ற மெத்தைத் தொப்பி 2022இலிருந்து பயிற்சி முகாமில் சில இடங்களில் ஆடுகிறவர்களுக்குக் கட்டாயம், 2024இலிருந்து விரும்பினால் ஆட்டத்திலும் போடலாம். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட உருப்படியானது 2011 ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கம் வாங்கியது: சீசன் நடக்கும்போது முழுக்கவசத்தோடு மோதிப் பயிற்சி செய்வது 14 நாளுக்கு மேல் கூடாது. எண்ணப்படாத அடிகளைக் குறைத்தது அதுதான்.

இதையெல்லாம் செய்துகொண்டே 2021இல் சீசனை 16 ஆட்டத்திலிருந்து 17 ஆக்கினார்கள். இப்போது 18 பற்றிப் பேச்சு. வியாழக்கிழமை ஆட்டங்களும் தொடர்கின்றன, டூவா நான்கே நாளில் திரும்ப ஆட வேண்டி வந்தது அப்படி ஒரு வாரத்தில்தான். தலைதான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் ஆட்டத்தைக் கூட்டக் கூடாது.

வழக்குப் போட்டவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

2011இலிருந்து 4,500க்கு மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் 76.5 கோடி டாலருக்கு லீக் சமரசத்துக்கு வந்தது. இது போதாமல் போகலாம் என்று நீதிபதி அனிதா பிரோடி ஏற்க மறுத்ததால் உச்சவரம்பை எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. தவறு செய்ததாக லீக் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புதல் தேதிக்குப் பிறகு இறந்தவர்களுக்கு, மூளையில் சி.டி.இ. இருந்தது என்ற காரணத்துக்காக மட்டும் பணம் கிடையாது.

அதற்குள் இன்னோர் அநியாயம். டிமென்ஷியாவை அளக்கும்போது, கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடும் முறையைப் பயன்படுத்தினார்கள். அதே மதிப்பெண் வாங்கிய வெள்ளைக்காரருக்குப் பணம், கறுப்பினத்தவருக்கு இல்லை. அந்த லீக்கில் ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்! நஜே டேவன்போர்ட், கெவின் ஹென்றி என்ற இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகு, அடுத்த வருஷம்தான் அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது.

உயிரோடு இருக்கும்போது சி.டி.இ.யைக் கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்கேனிலும் ரத்தத்திலும் டௌவைப் பார்க்க ஆராய்ச்சி நடக்கிறது. முன்னாள் ஆட்டக்காரருக்கு வரும் மறதிக்கும் சோர்வுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனக்கு அதுதான் என்று முடிவுகட்டி மனமுடைந்து உட்கார்ந்துவிடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துதானே ஆடுகிறார்கள்?

வெப்ஸ்டர் தெரிந்து ஆடவில்லை. டூயர்சன் ஆடிய காலத்தில் அவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதைச் சொல்லாமல் மறைத்தவர்கள் இருக்கும்போது ஆடியவர்கள் தலையில் பழி போடுவது நியாயமில்லை. இன்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும், உண்மை. ஆனால் அவர்கள் அடி வாங்க ஆரம்பித்தது சம்பளம் வாங்க ஆரம்பித்த நாளில் இல்லை, எட்டு ஒன்பது வயதில். 30 வயதாகும் முன்னே இறந்த, மோதல் உள்ள ஆட்டங்களை ஆடிய 152 பேரைப் பற்றி 2023இல் வந்த ஆய்வில் 63 பேருக்குச் சி.டி.இ. இருந்தது, அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறையில் ஆடவே இல்லை.

அமெரிக்காவில் இருக்கிறோம். பையன் பள்ளி டீமில் சேரணும் என்கிறான். என்ன செய்வது?

என் அக்கா இதையே கேட்டபோது நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 14 வயது வரைக்கும் ஆளைத் தள்ளி விழுத்தும் ஃபுட்பால் வேண்டாம். முன்பு கன்கஷன் லெகஸி ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இருந்த அமைப்பும் அதைத்தான் சொல்கிறது. இடுப்பில் கட்டிய துணியைப் பிடுங்கும் ஃபிளாக் ஃபுட்பால் ஆடட்டும், ஓட்டமும் பந்து பிடிப்பதும் வியூகமும் எல்லாம் அதிலும் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தே தீருவேன் என்றால், சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் முழுசாக மோதிப் பயிற்சி, ஆட்டத்தின்போதும் பயிற்சியின்போதும் அடிபட்டால் கவனிக்கத் தகுதி பெற்ற அத்லெடிக் ட்ரெயினர் இருப்பாரா, கடைசியாக ஒரு பையனைக் கன்கஷனுக்காக எப்போது வெளியே உட்கார வைத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு எங்கள் டீமில் அப்படி ஒன்றும் நடந்ததே இல்லை என்று பதில் வந்தால் சேர்க்காதீர்கள்.

பையனிடமும் பேசுங்கள். தலைவலி என்று சொன்னால் திட்ட மாட்டோம், ஆட்டம் போனால் போகட்டும் என்று அவன் நம்ப வேண்டும். தலையில் பட்டு வந்த இரவு, வாந்தி நிற்காவிட்டாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழுந்திருக்காமல் மந்தமாக இருந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்த நிமிஷமே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.